செமினியின் வெட்டும் அளவும்

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கிலிருந்து சிரம்பானை நோக்கிச் செல்லும் பழைய சாலையை ஒட்டி அமைந்த செமினி, இன்று பெரும்பாலும் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இருக்கும் ஊராகவே வெளியாருக்கு அறிமுகமாகிறது. 2000-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட அவ்வளாகம் 2005-இல் புரோகா சாலைப் பக்கம் இடம் பெயர்ந்தது. இங்கிலாந்துத் தாய் வளாகத்தின் மணிக்கூண்டை நினைவூட்டும் கட்டடம் ஒன்றும் அங்கே எழுந்தது. ஆயினும் இவ்வட்டாரத்தின் அறிவியல் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்து தொடங்குவது, வீட்டின் வரலாற்றைக் கடைசியாக அடித்த வண்ணத்திலிருந்து தொடங்குவதற்கு ஒப்பாகும். ஒரு பொருளைக் குறித்த ஆழத்துக்கு மட்டும் வெட்டுவதும், அதைச் சிதைக்காமலே அதனுள் இருப்பதை அறிவதுமாகிய இரண்டு வேலைகளே லேசர்த் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி. முன்னதைப் பொருள்பதப்படுத்தல் என்றும், பின்னதை உணர்தல் என்றும் பொறியியலார் பிரிப்பர். லேசர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த இரண்டு வேலைகளும் செமினியைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகளில் நாள்தோறும் நடந்துவந்தன. முதல் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள்; இரண்டாவதைச் செய்தவர் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர்.

ரப்பர் மரம் மலாயாவுக்கு வந்த கதை பலமுறை எழுதப்பட்டது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அவற்றில் முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கும், 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கும் சென்றன. காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் 1890-களின் நடுவில் ரப்பரை வணிகப் பயிராக நட்டபோது உலு லங்காட் வட்டாரம் நாட்டின் முன்னோடி ரப்பர் நிலங்களுள் ஒன்றாயிற்று. செமினி, ரிஞ்சிங் ஆகிய தோட்டப் பெயர்கள் இன்றும் அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி தொடங்கி, 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறையின் முடிவு, 1938-இல் இந்திய அரசு விதித்த தடை வரையிலான காலத்தில், கங்காணிகள் வழியாகவும் நிதியின் உதவியாலும் வந்து சேர்ந்தவர்களே அத்தோட்டங்களின் உழைப்பாளர்கள். இவற்றைவிட இக்கட்டுரைக்கு முதன்மையானது, அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட வெட்டின் நுட்பம்.

அந்த நுட்பத்தை வகுத்தவர் 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி. தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதைகளை வலியத் திணித்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்யப்பட்ட அவர், பிரேசில் காடுகளில் செய்ததைப்போல மரத்தைக் கோடரியால் கொத்திப் புண்ணாக்காமல், பட்டையில் ஒரு சரிந்த கோடு இட்டு, அதே கோட்டின் கீழ்விளிம்பை மறுபடி மறுபடி மெல்லியதாகச் சீவிவந்தால் பால் தொடர்ந்து வடிவதோடு மரமும் பிழைக்கும் என்று காட்டினார். முதல் வெட்டைவிட அதை அடுத்து வரும் வெட்டுகளில் பால் கூடுவதும் அவர் கவனித்த ஒன்று. அதுவரை மரத்தைத் தாக்குவதாக இருந்த செயல், இதன்பின் அளந்து நீக்கும் செயலாயிற்று.

எவ்வளவு நுண்மையாக அளந்து என்பதற்கு எண்களே சான்று. வெட்டுக்கு ஆயத்தமான மரத்தின் பட்டை 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதன் உள்விளிம்பில், மரக்கட்டையைத் தொட்டபடி, கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படை இருக்கிறது. மரம் பருத்து வளர்வதும், வெட்டிய இடத்தில் புதுப்பட்டை மூடுவதும் இப்படையின் வேலை. பால் ஓடும் குழாய்கள் பட்டை முழுவதும் இருந்தாலும், அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பது இந்த வளர்படையை ஒட்டிய பகுதியில்தான் என்பதால், ஆழம் குறைந்தால் பால் குறைகிறது. கொஞ்சம் கூடினால் கத்தி வளர்படையைக் கிழித்து, அங்கே முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளர்ந்து, அடுத்த சுற்றில் வெட்ட முடியாத மரமாகிவிடுகிறது. ஆகவே வளர்படைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்துவதே நல்ல வெட்டு. பால்குழாய்கள் செங்குத்தாக நில்லாமல் சில பாகை சாய்ந்து சுருண்டு ஏறுவதால், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு வெட்டிலும் சீவியெடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பட்டை செலவாகும். இக்கணக்குத் தவறி நாளுக்கு அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவினால், மரத்தின் ஆயுளிலிருந்தே ஆண்டுகள் கழியும்.

இவ்வளவையும் வெட்டுகிறவர், பெரட்டு என்னும் காலை அணிவகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, இருள் முழுதும் பிரியாத நேரத்தில், தமக்கென ஒதுக்கப்பட்ட நிரையில் சில நூறு மரங்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க வேண்டும். ஏனெனில் வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் தணிந்து பாலோட்டம் குறையும். முதலில் முந்திய வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாபோல் உரித்தெடுத்துப் பையில் போட்டு, பால் வடியும் கிண்ணமான மங்கில் உறைந்திருக்கும் கட்டிப்பாலைத் தட்டியெடுத்து, பிறகே கத்தியை வைப்பார்கள். மலாயாவில் பரவலாக இருந்தது ஜெபோங் என்னும் வளைந்த முனைக் கத்தி. இலங்கைத் தோட்டங்களில் மிச்சி-கோலெட்ஜ் என்னும் வேறு வடிவம் வழங்கியது. கத்தி எதுவானாலும் அதில் அளவுகோல் கிடையாது. ஆழத்தைச் சொன்னது பட்டையின் நிறம், சீவல் சுருளும் விதம், கையில் தட்டும் எதிர்ப்பு ஆகியவைதாம். இன்றைய பொறியியல் மொழியில் சொன்னால், வெட்டும் கருவியும் அதன் ஆழத்தை உணரும் கருவியும் ஒரே உடலில் இருந்தன. மேற்பார்வைக்கு வந்த கங்காணியோ மண்டோரோ மரத்தில் காயம் இருக்கிறதா என்று பார்த்தார். காயம் இருந்தால் ஏச்சு உண்டு. காயம் இல்லாத ஆயிரம் வெட்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தோட்டத்து ஆவணங்கள் இந்தத் திறமையைச் 'சாதாரண உழைப்பு' என்ற தலைப்பில் அடக்கியது, வரலாற்றாசிரியர்கள் இன்னும் போதிய அளவு கேள்வி கேட்காத ஒரு வகைப்பாடு.

வெட்டிய பால், தோளில் சுமக்கும் காண்டா வாளிகளில் பால் ஸ்டோருக்கு வந்து சேர்ந்ததும் இரண்டாம் வேலை தொடங்கிற்று. மரப்பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி நீர். அந்தப் பங்கும் மரத்தின் இனம், பருவம், மழை, வெட்டின் இடைவெளி ஆகியவற்றுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். எனவே வாளியின் எடையை மட்டும் வைத்துக் கூலி போட முடியாது. பாலை உறையவைத்து உலர்த்தினால் தேறும் ரப்பரின் விழுக்காடாகிய உலர் ரப்பர் அளவு தெரிந்தாக வேண்டும். மாதிரியை உறையவைத்துத் தகடாக்கி அடுப்பில் பல மணி நேரம் உலர்த்தி நிறுப்பதே திருத்தமான முறை. ஆனால் வரிசையில் நிற்கும் நூறு பேருக்கு அந்த முறை ஒத்துவராது. அந்த இடத்தில் நுழைந்த கருவிதான் மெட்ரோலாக்.

மெட்ரோலாக் என்பது, பசும்பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியின் உடன்பிறப்பு. மிதவைக் குமிழும் அளவுகள் பொறித்த தண்டும் கொண்ட திரவமானி. ரப்பரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.91 கிராம் அளவு. அது மிதந்துகொண்டிருக்கும் நீர்மத்தின் அடர்த்தியோ 1-க்குச் சற்று மேல். ஆகையால் பாலில் ரப்பர் கூடக்கூடப் பால் லேசாகிறது, மிதவை ஆழமாக அமிழ்கிறது. பசும்பாலில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். கெட்டியான மரப்பாலில் மிதவை எளிதில் நிலைகொள்ளாது என்பதால், ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, உயரமான குவளையில் ஊற்றி, நுரையை வழித்துவிட்டு, தண்டில் பால்மட்டம் தொடும் கோட்டைப் படிப்பார்கள். ஒரு மாதிரிக்கு ஓரிரு நிமிடங்களே பிடித்தன.

வேகமாக முடிந்தாலும் அது நேரான அளவீடாகாது. மிதவை காட்டுவது அடர்த்தியை, ரப்பரை அன்று. நீர்மத்தில் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்பும் மாறினாலும், பால் கெடாதிருக்க அம்மோனியா சேர்த்திருந்தாலும், நுரையில் காற்று தங்கியிருந்தாலும், நீரை அளக்கும் கை சற்றுப் பெருகினாலும் எண் மாறிவிடும். அந்த எண் மாறினால் கூலி மாறும். 1954-இல் உருவாகிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகளும் பிற்காலத்தில் செய்துகொண்ட உடன்பாடுகளில், பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானம் அவர் கொண்டுவரும் உலர் ரப்பரின் எடையோடும் ரப்பரின் சந்தை விலையோடும் பிணைக்கப்பட்டிருந்தது. சந்தை விலையைத் தொழிலாளி செய்தித்தாளில் பார்க்கலாம், மிதவையின் தண்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. தொழிலாளி பாலில் தண்ணீர் கலக்கிறார் என்ற ஐயமும், நிறுவையில் பால் குறைகிறது என்ற ஐயமும் ஒரே கொட்டகைக்குள் எதிரெதிரே நின்றன. தோட்டத்தில் அளவுக் கருவி யார் கையில் என்பது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

அளவீட்டை மேம்படுத்தும் ஆய்வுகள் 1925-இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் நடந்துவந்தன; சுங்கை பூலோவில் பரந்த சோதனைத் தோட்டம் வைத்திருந்த அக்கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. எனினும் மிதவையை விட்டு அலைகளை நாடிய முக்கியமான முயற்சி செமினிக்கு அருகே, செர்டாங்கில் உள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. இன்று அது புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம் எனப்படுகிறது. அங்கு இயற்பியலாளர் கைடா காலிட், நுண்ணலையைக் கொண்டு மரப்பாலின் உலர் ரப்பர் அளவைக் கண்டறியும் முறையை 1982-இல் அப்பல்கலைக்கழகத்தின் 'பெர்த்தானிக்கா' ஆய்விதழில் வெளியிட்டார். நுண்ணலை, சமையலறை அடுப்பில் இருப்பதைப் போன்றே, நீர் மூலக்கூறுகளோடு வலுவாக உறவாடும். ரப்பரை ஏறக்குறைய பொருட்படுத்தாமல் கடந்து செல்லும். பாலின் வழியே செலுத்திய அலை எவ்வளவு மங்கிற்று, அல்லது பாலின் மேற்பரப்பில் பட்டு எவ்வளவு திரும்பிற்று என்று பார்த்தால் நீரின் பங்கு தெரியும்; நீர் தெரிந்தால் மிச்சம் தெரியும். இம்முறை பிற்பாடு லேட்டக்ஸோமீட்டர் என்ற பெயரில் கருவியாக உருப்பெற்றது. நீரைச் சேர்த்து ரப்பரைத் தேடிய மெட்ரோலாக்கிலிருந்து, நீரையே நேராகத் தேடிய இக்கருவிக்கு வந்து சேர்ந்தது, உணர்தல் தொழில்நுட்பம் எப்படி வளர்கிறது என்பதற்கு நல்ல பாடம்; எதைத் தேடுகிறோமோ அதைவிட எது உரக்கப் பேசுகிறதோ அதைக் கேட்பதே பெரும்பாலும் வெற்றி பெறுகிறது.

லேசரின் வரலாறு இதற்கு இணையாக வேறு கண்டங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கிளர்ச்சியுற்ற அணுவின் மேல் அதற்குரிய ஒளித்துகள் ஒன்று பட்டால், அந்த அணு அதே திசையில் அதே தன்மையுள்ள இன்னொரு துகளை வெளியிடும் என்னும் தூண்டு உமிழ்வுக் கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் முன்வைத்தார். 1958-இல் டௌன்ஸும் ஷாலோவும் அக்கருத்தை ஒளிக்கு விரித்தனர். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் மாணிக்கக் கல்லொன்றிலிருந்து முதல் லேசர்த் துடிப்பைப் பெற்றார். இந்த மாணிக்க லேசரின் முதல் தொழிற்சாலை வேலை, தமிழ்ப் பொற்கொல்லர்கள் உடனே புரிந்துகொள்ளக்கூடியது. மெல்லிய கம்பி வேண்டுமானால் உலோகத்தைச் சிறு துளையின் வழியே இழுக்க வேண்டும். துளை தேயாதிருக்க அச்சு வைரத்தில் அமைய வேண்டும். வைரத்தில் துளையிடவோ மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். 1965-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் அந்தத் துளையை லேசரால் இடத் தொடங்கியது.

தொழிற்கூடங்களுக்குள் லேசரைப் பரவலாகக் கொண்டுசேர்த்ததோ வேறு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த குமார் படேல், 1964-இல் கார்பன் டை ஆக்சைடு வாயுவிலிருந்து 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைப் பெற்றார். தொடக்கத்தில் அதன் ஆற்றல் சொற்பம். வாயுவோடு நைட்ரஜனைக் கலந்தபோது, மின்னிறக்கத்தில் அதிர்வுற்ற நைட்ரஜன் மூலக்கூறுகள் தம் ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடுக்குக் கைமாற்றின. ஹீலியமும் சேர்ந்தபின் ஆற்றல் பல மடங்கு பெருகிற்று. 1967 மே மாதத்தில் இங்கிலாந்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் ஹௌல்ட்கிராஃப்ட், 300 வாட் அளவான அத்தகைய லேசரோடு ஆக்சிஜன் தாரையையும் ஒரே முனையிலிருந்து செலுத்தி, 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டினார். ஒளி சூடேற்ற, ஆக்சிஜன் எரியூட்ட, தாரையின் வேகம் உருகியதை அடித்துத் தள்ள, கூர்மையான விளிம்பு கிடைத்தது. இன்றைய தகடு வெட்டும் லேசர் இயந்திரங்கள் அனைத்திலும் ஒளியைச் சூழ்ந்தபடி வாயுத் தாரை வருவது இந்தச் சோதனையின் மரபுரிமை.

உணர்தல் பக்கத்தில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்த சி. வி. ராமன், விருதுநகர்ப் பக்கத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் ஆய்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்த விளைவு, ஒளி ஒரு பொருளில் சிதறும்போது அதன் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது என்பதாகும். மாறும் அளவு அப்பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதத்தைப் பொறுத்தது என்பதால், அது பொருளின் கைரேகைபோல் ஆகிறது. இதற்காக ராமன் 1930-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நிறம் மாறுவது கோடியில் ஒன்றிரண்டு ஒளித்துகள்களே. ராமனால் முதலில் தொலைநோக்கியால் குவித்த சூரிய ஒளியையும், பிறகு பாதரச விளக்கையும் கொண்டு, ஒளிப்படத் தகட்டுக்கு மணிக்கணக்கில் வெளிச்சம் காட்டியே அதைப் பதிவு செய்ய முடிந்தது. அகச்சிவப்பு நிறமாலைக் கருவிகள் வந்தபின் ராமன் முறை வேதியியலாரிடம் செல்வாக்கு இழந்தது. 1962-இல் பெல் ஆய்வகத்தில் போர்ட்டோவும் வுட்டும் மாணிக்க லேசரை அதற்கு ஒளிமூலமாக்கிய பிறகே மறுவாழ்வு கண்டது. கண்டுபிடித்தவர் 1970 வரை வாழ்ந்ததால், தம் விளைவு இறங்குமுகத்தில் இருந்ததையும் மறுபடி எழத் தொடங்கியதையும் பார்த்துவிட்டே சென்றார்.

இந்தக் கதை மலாயாவின் ரப்பரோடு வந்து முட்டும் இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் விதித்த வரியால் முன்சொன்ன ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மட்டுமின்றி, மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் என்ற இன்னொரு நிறுவனமும் நடத்தப்பட்டது. 1974 முதல் அதன் இருப்பிடமாக இருந்தது லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்டில் உள்ள துன் அப்துல் ரசாக் ஆய்வகம். ரப்பரை லேசர் ராமன் முறையால் ஆய்வதில் பெரிய இடர்ப்பாடு ஒன்றிருந்தது: இயற்கை ரப்பரில் உள்ள புரதம் முதலிய கலப்புப் பொருள்கள், கண்ணுக்குத் தெரியும் லேசர் ஒளி பட்டதும் தாமே ஒளிர்ந்து, மெல்லிய ராமன் ஒளியை மூழ்கடித்துவிடும். 1986-இல் ஹிர்ஷ்ஃபெல்டும் சேஸும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைக் கொண்டு இந்த ஒளிர்வைத் தவிர்க்கும் வழியைக் காட்டினர். சில ஆண்டுகளுக்குள், 1990-ஐ ஒட்டி, ஹெர்ட்ஃபோர்டு ஆய்வாளர்கள் அம்முறையை ரப்பருக்குப் பயன்படுத்தி வெளியிட்டனர். ரப்பர் மூலக்கூறில் இரு கார்பன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு தெளிவான கோடாகத் தெரிந்தது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரை வலுவாக்கும்போது ஏற்படும் பிணைப்பு மாற்றங்களையும், பொருளை அறுக்காமலே தொடர்ந்து பார்க்க முடிந்தது. செமினி போன்ற ஊர்களில் வெட்டிய பாலின் வரிப்பணம், திருச்சிக்காரர் ஒருவர் கண்ட ஒளிச்சிதறலால் அந்தப் பாலின் உள்ளமைப்பையே படிக்கும் ஆய்வுக்குச் செலவானது என்பதை எந்தத் தோட்டத்து லயத்திலும் யாரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

நாட்டுக்குள்ளேயே லேசரைக் கையால் கட்டிப் பழகியது கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகம். இயற்பியல் துறையில் லீ சிங் தலைமையிலான பிளாஸ்மா ஆய்வகம், 1983 டிசம்பர் இறுதி முதல் 1984 ஜனவரி வரை லேசர், பிளாஸ்மா தொழில்நுட்பம் பற்றிய வெப்பமண்டல நாடுகளின் பயிற்சிக் கல்லூரியை நடத்தியது. 1985-86-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி அளித்தது. விலைகொடுத்து வாங்கிய கருவியைப் பழுது வந்ததும் மூலையில் போடுவதைவிட, எளிய கருவியைத் தாமே கட்டி ஊருக்கு எடுத்துச் செல்வதே மேல் என்பது அப்பயிற்சியின் கொள்கை. அதற்கு ஏற்றது நைட்ரஜன் லேசர். இரண்டு உலோகத் தகடுகள், அவற்றுக்கிடையே மின்காப்புத் தாள், பக்கவாட்டில் பொறி பாயும் இடைவெளி, நடுவில் நேருக்குநேர் நிற்கும் இரு நீண்ட மின்முனைகள், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஆகியவை இருந்தால் போதும். நைட்ரஜன் வாயுவில் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் 337 நானோமீட்டர் புற ஊதாத் துடிப்பு பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கற்றையை வெள்ளைத் தாளில் விழச் செய்தால், தாளை வெளுக்கச் சேர்த்த இரசாயனம் நீலமாக ஒளிர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். நான்கு சுவருக்குள் ஒரு வெடிச்சத்தமும் தாளில் ஒரு நீலப் புள்ளியும்தான் விளைவு. ஆனால் அதைக் கட்டியவருக்கு அடுத்த லேசர் மந்திரப் பெட்டியாகத் தோன்றாது. பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் ஹரித் அஹ்மாட் குழுவினர் கண்ணாடி இழைக்குள்ளேயே ஒளியைப் பெருக்கும் இழை லேசர்களில் ஈடுபட்டனர்.

ஆய்வகத்துக்கு வெளியே, கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைத்தெருக்களில், லேசரும் ரப்பரும் நேருக்கு நேர் சந்தித்தது சாப் செய்யும் தொழிலில். 'சாப்' என்று மலேசியத் தமிழர் சொல்வது ரப்பர் முத்திரையை; மலாய்ச் சொல்லான அது விண்ணப்பம், விலைச்சீட்டு, பள்ளிச் சான்று என எல்லாவற்றிலும் புகுந்த சொல். பழைய முறையில் ஈய எழுத்துகளைக் கோத்து, அதன் குழியச்சை அட்டையில் எடுத்து, அதன்மேல் பச்சை ரப்பரை வைத்துச் சூட்டில் அழுத்தி வேகவைக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்கு எல்லா வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும். இப்போது பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் குமார் படேலின் லேசரே. நீர் ஓடிக் குளிரும் கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் ஹீலியமும். வெளிவரும் கற்றையை மூன்று கண்ணாடிகள் திருப்பி வில்லையிடம் கொடுக்க, மேசைமேல் கிடத்திய ரப்பர்த் தாளின் மீது அது வரிவரியாக நகர்ந்து, எழுத்தைச் சூழ்ந்த பகுதியைப் புகையாக்கி நீக்குகிறது. எழுத்துகள் இடவலம் மாறி இருக்கும். வில்லையில் புகை படியாமலும் ரப்பர் தீப்பிடிக்காமலும் காற்றுத் தாரை ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும். ஹௌல்ட்கிராஃப்டின் தாரை எரிப்பதற்கு வந்தது, இது எரியாமல் காப்பதற்கு.

இந்த வேலையின் நுட்பம் எழுத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. செங்குத்தான சுவர்களோடு எழுத்தைச் செதுக்கினால், அழுத்தும்போது மெல்லிய கோடுகள் சாய்ந்து மை பரவிவிடும். ஆகவே லேசர், எழுத்தின் விளிம்பை நெருங்கும்போது ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்து, அடி அகன்று மேல் ஒடுங்கிய சரிவான தோளை விட்டுவைக்கிறது. ஆற்றல் கூடினால் தோள் கரைந்து எழுத்து மெலியும். குறைந்தால் பள்ளத்தில் மை தங்கும். ஆழம் 1 மில்லிமீட்டருக்கு அருகில். வெந்த ரப்பரின் கந்தக நெடியும், கழுவினால்தான் போகும் கரித்தூளும் மிச்சம். ரிட்லி வகுத்த வெட்டிலும் இந்தச் செதுக்கலிலும் எண்கள் ஒரே அளவில் வந்து நிற்பது தற்செயலே என்றாலும், எவ்வளவு நீக்குவது என்பதைவிட எவ்வளவு விட்டுவைப்பது என்பதே இரண்டு தொழிலிலும் தேர்ச்சியின் அளவாக இருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை.

செமினி நிலத்தில் இதற்கிடையே மரங்கள் மாறிவிட்டன. 1960-களிலிருந்து நாடெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பிறகு செம்பனையும் வீடமைப்புக்கு இடம் விட்டது. செம்பனையில் உணர வேண்டியது பழுத்த பக்குவம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களின் எண்ணிக்கையே அறுவடை செய்கிறவருக்கு அடையாளம், பழுக்காத குலையை வெட்டினால் கூலியில் பிடித்தம். கண்ணால் அளக்கும் இத்தகைய பக்குவத்தை ஒளியால் அளக்கும் ஆய்வுகளும் செர்டாங்கில் நடக்கின்றன. அங்குள்ள வேளாண் பொறியியலார் பழங்களின்மேல் சிறு லேசர்ப் புள்ளியை விழச் செய்து, ஒளி தோலுக்குள் நுழைந்து சிதறித் திரும்பும்போது புள்ளியைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்தைப் படமெடுக்கின்றனர். பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். எனவே சிவப்பு லேசரில் காயின் வட்டம் சிறுத்தும், பச்சையம் குறைந்த பழத்தின் வட்டம் விரிந்தும் தெரியும். பழத்தை அழுத்திப் பார்க்கும் விரலுக்கும் நறுக்கிப் பார்க்கும் கத்திக்கும் இங்கே வேலையில்லை.

பால்மரத் தோட்டங்களில் மட்டும் வெட்டும் வேலை இன்னும் லேசரிடம் போகவில்லை. சீனாவில் சோதனைக்கு வந்துள்ள பால்வெட்டு இயந்திரங்களில் மரத்தின் வடிவையும் தூரத்தையும் காண லேசர் பயன்படுகிறது; சீவுவது உலோகக் கத்தியே. காரணம் விலை மட்டும் அன்று. அறுவைச் சிகிச்சையில் கார்பன் டை ஆக்சைடு லேசர் விரும்பப்படுவதற்கு முக்கியக் காரணம், ஈரமுள்ள திசுவை அறுக்கும்போதே அது சிறு குருதிக்குழாய்களின் வாயைச் சுட்டு அடைத்துவிடுவதால் இரத்தப்போக்கு குறைகிறது என்பது. மருத்துவருக்கு வரமாகும் அந்தக் குணம் பால்மரத்தில் வேலையையே கெடுத்துவிடும். நுண்ணிய பால்குழாய்களின் வாய் கருகி மூடினால் மங்கு காலியாகவே இருக்கும். பக்கத்தில் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும் வளர்படைக்கும் அந்தச் சூடு ஆகாது. கூரிய எஃகு குழாயைத் திறந்தபடி விட்டுச் செல்கிறது. பால் ஓரிரு மணி நேரமோ அதற்கு மேலோ வடிந்து, குழாய் வாயில் தானே உறைந்து நிற்கிறது. இன்று மலேசிய ரப்பரில் மிகப் பெரும்பகுதியைத் தரும் சிறுதோட்டக்காரர்கள் மறுவெட்டுக்கு வரும்போது, கோட்டின் மேல் காய்ந்து கிடக்கும் அந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பிறகே கத்தியை வைக்கிறார்கள்.